மார்கழியிலிருந்து தைப்பொங்கல் வரை: சாப்பாட்டை எதில் குறித்து வைப்பது?

டிசம்பர் நடுப்பகுதியில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாலைந்து சோடி புதுச் செருப்புக் கிடக்கும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்திருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலை லீவு. கீழ்வீட்டில் நத்தார் கேக்குக்குக் கஜு வெட்டிக்கொண்டிருப்பார்கள். மேல்வீட்டு மாமி திருவெம்பாவைக்கு விடிய எழும்பிக் கோயிலுக்குப் போய், சுடச்சுடப் பொங்கலும் கடலையும் கொண்டுவந்து எங்கள் கதவையும் தட்டுவார். பிறகு புதுவருடம். அது முடிந்து இரண்டு கிழமையில் தைப்பொங்கல். இந்த ஒன்றரை மாதமும் உடல் நிறையைக் கூடவிடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்குச் சாப்பாட்டை எப்படிக் குறித்து வைப்பது நல்லது என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்துவிட்டேன். இந்த முறை எதை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் என் கணக்கு. உயரம் 158 சென்றிமீற்றர். 2023 மாசியில் நிறை 71 கிலோ, வெறும் வயிற்றுச் சீனி எல்லையில் வந்து நின்றது. ஆசிய நாட்டவர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி (BMI, கிலோவில் நிறையை மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23 ஐத் தாண்டும்போதே கவனிக்கத் தொடங்க வேண்டும், 27.5 ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் வரையறை கொடுத்தது. நான் 28 க்கு மேலே இருந்தேன். நடந்தும், இரவுச் சோற்றை விட்டும் கார்த்திகை முடிவில் 64 க்கு வந்தேன். அந்த மார்கழியில் எதையும் குறிக்கவில்லை. "இவ்வளவு நாள் கட்டுப்பாடாக இருந்தேன், ஒரு மாதம் பரவாயில்லை" என்று நினைத்தேன். தை 16 ஆம் திகதி தராசில் 66.3. அதை இறக்கச் சித்திரை வரை ஆனது. ஏறியது ஆறு கிழமையில், இறங்கியது மூன்று மாதத்தில்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 195 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டு வெளிவந்தது. நத்தார், புதுவருடத்தை ஒட்டிய கிழமைகளில் அவர்களுக்குச் சராசரியாகக் கூடியது 0.37 கிலோதான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அது இறங்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வின் முக்கியமான செய்தி. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், 0.37 கிலோ என்பது 2,850 கலோரிக்குக் கிட்ட. அதை எங்கள் மார்கழி 1 இலிருந்து தை 15 வரையான (டிசம்பர் 1 முதல் ஜனவரி 15) 46 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 62 வரும். ஒரு மேசைக்கரண்டி ரின்பாலில் இருப்பது அவ்வளவுதான். பெரிய விருந்துகளைப் பற்றி மட்டும் நாங்கள் பயப்படுகிறோம். தினமும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கரண்டி கூடிப் போவதே போதும்.

அதனால் இந்த ஆறு கிழமைக்கு என் இலக்கு குறைப்பது இல்லை, நின்ற இடத்தில் நிற்பது. குறைக்க வேண்டும் என்று போனால் மூன்றாம் நாளே மனம் உடைந்து எல்லாவற்றையும் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். தெரிவு செய்யும் வழியும் அந்த இலக்குக்குப் பொருந்த வேண்டும். ஒரே நாளில் மூன்று வீட்டுக்குப் போய், இரவு பதினொரு மணிக்குத் திரும்பி வரும் நாளிலும் அதைச் செய்ய முடிய வேண்டும்.

போனில் உள்ள கலோரிச் செயலி

2024 மார்கழியை இதோடுதான் தொடங்கினேன். இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. எனக்கு மிக அதிகம் கற்றுத் தந்தது இதுதான். சோறு 100 கிராம் 130 கலோரி. பிழிந்த தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றர் 230 வரை. அதாவது அளவுக்கு அளவு பார்த்தால் நாங்கள் பயப்படுகிற சோற்றை விட, கணக்கில் எடுக்காத பாலுக்குத்தான் பாரம் அதிகம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. கஜு 100 கிராம் 550. இவை மனதில் பதிந்த பிறகு என் சமையல் தானாக மாறியது. சொதிக்கு முதற்பால் விடுவதைப் பாதியாக்கினேன், கத்தரிக்காயைப் பொரிக்காமல் வாட்டினேன்.

ஆனால் எங்கள் சாப்பாட்டைச் செயலிக்குச் சொல்லிக் கொடுப்பது தனி வேலை. "தேங்காய்ச் சம்பல்" என்று தேடினால் ஒருவர் 60 என்று போட்டிருப்பார், இன்னொருவர் 240 என்று போட்டிருப்பார். பயன்படுத்துகிறவர்களே போட்டு வைக்கும் எண்கள் என்பதால் எது சரி என்று பார்க்க வழியில்லை. பயத்தம் பணியாரம், சீனி அரியதரம் என்று தேடினால் ஒன்றுமே வராது. சரியான எண் வேண்டுமென்றால் வீட்டுச் செய்முறையை முழுக்க நிறுத்துப் போட வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு தரம் அப்படிச் செய்து பார்த்தேன். பச்சை அரிசி 500 கிராம், வறுத்த பயறு 150, சர்க்கரை 400, முதற்பால் 300 மில்லிலீற்றர், கஜு 100, பிளம்ஸ் 100, நெய் 50. கூட்டினால் 5,800 கலோரிக்குக் கிட்ட. பொங்கி முடிந்து பானையை நிறுத்தால் உள்ளே இருந்தது 3 கிலோ. ஆகவே 100 கிராமுக்கு 190, ஒரு சின்னக் கிண்ணத்துக்கு 380 வரை. இந்த ஒரு எண் எனக்குப் பொக்கிஷம். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் உதவும், இனி நிறுக்கவும் தேவையில்லை.

நான் விட்டது 22 ஆம் திகதி. தெகிவளையில் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை எடுத்துத் தட்டினேன். "என்ன பிள்ளை, சாப்பிடேக்குள்ளயும் போனோ?" என்று கேட்டா. அவ கோபத்தில் கேட்கவில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு எல்லாரும் கூடியிருந்த மேசை அது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து போடலாம் என்றால், அவ வைத்த இறைச்சிக்கறியில் எத்தனை கரண்டி எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் விட்டேன், அடுத்த நாளும் விட்டேன். செயலி சிவப்பாக ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது, மூன்றாம் நாள் அதைத் திறக்கவே மனம் வரவில்லை.

அலுவலகத்தில் என்னுடன் வேலை செய்கிறவர் தனியாக இருக்கிறார், பெரும்பாலும் பக்கற்றில் வருவதையும் கடைச் சாப்பாட்டையும் சாப்பிடுகிறார். அவர் மார்கழி முழுக்க இதை விடாமல் செய்தார். லேபலில் எண் இருக்கிற சாப்பாடு, தனியாகச் சாப்பிடுகிற வேளை. அப்படியான ஒருவருக்கு இதை விட நல்ல வழி இல்லை.

கொப்பியும் பேனாவும்

26 ஆம் திகதி மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதத் தொடங்கினேன். கலோரி இல்லை. என்ன, எத்தனை, எத்தனை மணிக்கு, யார் வீட்டில். அவ்வளவுதான்.

"யார் வீட்டில்" என்ற அந்தக் கடைசிப் பகுதியை யோசிக்காமல்தான் போட்டேன். கண் திறந்தது அதனால்தான். நத்தாருக்குப் பிறகு வந்த ஞாயிறு மூன்று வீட்டுக்குப் போனோம். கொட்டாஞ்சேனையில் அலுவலக அக்கா ஒருவர் வீடு, பம்பலப்பிட்டியில் சித்தி வீடு, திரும்பி வரும் வழியில் மச்சாள் வீடு. இரவு எழுதிப் பார்த்தால் கேக் மூன்று துண்டு, பால் தேத்தண்ணி மூன்று, ரோல்ஸ் இரண்டு, பக்கோடா ஒரு கை. எங்கள் ஊர் நத்தார் கேக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ரவை, முட்டை மஞ்சட்கரு, பட்டர், கஜு, பூசணித் தோசி, பிளம்ஸ், தேன் எல்லாம் சேர்ந்து கைக்குப் பாரமாக இருக்கும். கடதாசியில் சுற்றின 40 கிராம் துண்டுக்கு 160 கலோரி வரும். சீனி இரண்டு கரண்டியும் பால்மாவும் போட்ட தேத்தண்ணி 80. கேக்கும் தேத்தண்ணியும் மட்டுமே 700 ஐத் தாண்டிவிட்டன. சோறாக என்றால் அரைக்கிலோவுக்கு மேல். அன்றைக்கு மத்தியானம் "இன்றைக்குச் சோறு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டேன்" என்று மனதுக்குள் நிம்மதியாக இருந்தேன்!

இதை நினைவில் வைத்திருக்கலாம், எழுதத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 1992 இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் நிறை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்டதாகச் சொன்னதை விட உண்மையில் சாப்பிட்டது ஏறத்தாழ இரட்டிப்பு. அவர்கள் வேண்டுமென்று மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. நின்றபடி வாயில் போட்டதை மனம் சாப்பாடாகக் கணக்கெடுப்பதில்லை.

கொப்பிக்குச் சாதகமாக 2008 இல் வந்த ஆய்வையும் சொல்ல வேண்டும். 1,700 பேருக்குக் கிட்ட அதில் இருந்தார்கள். கிழமைக்கு ஆறு நாள் சாப்பாட்டை எழுதினவர்கள், ஒரு நாளோ அதற்குக் குறைவாகவோ எழுதினவர்களை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு நிறை குறைத்தார்கள். எழுதினதால் குறைந்ததா, குறைக்கும் உறுதி உள்ளவர்கள்தான் எழுதினார்களா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. "இதை இரவு எழுத வேண்டி வருமே" என்ற நினைப்பு நாலாவது பக்கோடாவுக்கு முன்னால் வந்து நிற்கும்.

கொப்பியின் குறை, அது அளவு சொல்லாது. "பிட்டு, கோழிக்கறி" என்று எழுதினால் அது ஒரு நீத்துப்பெட்டியா, அரைவாசியா? அதனால் எண்ணக்கூடியதை எண்ணி எழுதப் பழகினேன். இடியப்பம் ஐந்து, வடை ஒன்று, சோறு இரண்டு அகப்பை. எண்ண முடியாததற்கு "கொஞ்சம்", "அளவாக", "கூட" என்று மூன்று சொல் வைத்துக்கொண்டேன்.

அந்த முறை தை 16 இல் நிறை 64.6. முழுப் பாராட்டையும் கொப்பிக்குக் கொடுக்க மாட்டேன். முதல் மூன்று கிழமை செயலி கற்றுத் தந்த எண்கள் மனதில் இருந்ததும் உதவியது.

படம் எடுத்து வைப்பது

என் மச்சாள் இப்படித்தான் செய்கிறா. சாப்பிட முன் ஒரு படம், உடனே தங்கைக்கு வட்ஸ்அப்பில். இரண்டு செக்கன் வேலை, மேசையில் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். இப்போது எல்லாரும் சாப்பாட்டைப் படம் எடுக்கிறார்கள்தானே. இன்னொரு ஆள் பார்க்கிறார் என்பதும் ஒரு பலம்.

படத்துக்கு எண்ணெயும் தேங்காய்ப்பாலும் தெரியாது. முதற்பால் விட்ட சொதியும் கடைசிப்பால் விட்ட சொதியும் படத்தில் ஒரே மஞ்சள்தான். அதனால் படத்தைப் பார்த்தே கலோரி சொல்லும் புதுச் செயலிகளை எங்கள் கறிகளுக்கு நான் நம்புவதில்லை. இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டதையும் யாரும் படம் எடுப்பதில்லை, மச்சாளும் இதை ஒத்துக்கொண்டா. எழுதவே பிடிக்காதவர்களுக்கு, படம் அனுப்ப ஒரு நம்பிக்கையான ஆள் இருந்தால், இது போதும்.

கோப்பையைப் பிரித்துப் போடுவது

குறிப்பதே இல்லாமல் அளவு பார்க்கிற வழி. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ முட்டையோ. வீட்டில் இதுதான் என் தினசரிப் பழக்கம். வல்லாரைச் சம்பலும் பூசணிக்காய்க் கறியும் இருந்தால் பாதிக் கோப்பை தானாக நிரம்பும். மார்கழியில் பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று மரக்கறிச் சாப்பாடு நடக்கிற வீடுகளுக்கு இன்னும் சுலபம். மரக்கறி என்பதால் மட்டும் லேசான சாப்பாடு என்று எடுத்துவிடக் கூடாது, வடையும் பாயாசமும் மரக்கறிதான்.

விருந்து வீட்டில் கோப்பை நிரம்ப ஏற்கெனவே போட்டுக் கொண்டுவந்து கையில் தந்தால் இந்த வழி அங்கேயே முடிந்தது. கோப்பைக்கு வெளியே நடக்கிற சாப்பாட்டுக்கும் இதனால் பயன் இல்லை. எனக்கு நிறை கூடியது கோப்பைக்கு வெளியே என்பதைக் கொப்பி காட்டிவிட்டது.

தராசு மட்டும்

சாப்பாட்டை விட்டு நிறையை மட்டும் குறிப்பது. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 272 பேரை இரண்டாகப் பிரித்து நத்தார் காலத்தில் செய்து பார்த்தது 2018 இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் கிழமைக்கு இரண்டு தரமாவது நிறை பார்த்துக் குறித்தார்கள். அவர்களுக்குப் பத்துச் சின்ன ஆலோசனைகளும், எந்தத் தின்பண்டத்தைச் செலவழிக்க எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியலும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒரு சாதாரணத் துண்டுப்பிரசுரம் மட்டும். முடிவில் துண்டுப்பிரசுரக்காரர்கள் 0.37 கிலோ கூடியிருந்தார்கள், நிறை பார்த்தவர்கள் 0.13 கிலோ குறைந்திருந்தார்கள். மற்றக் கணக்குகளைச் சரிசெய்த பிறகு இரண்டு பகுதிக்கும் இடையே அரைக்கிலோ வித்தியாசம். பெரிய எண் இல்லை. நிறை கூடும் அந்தக் காலத்திலேயே அதை நிறுத்திவிட்டார்கள் என்பதால் எனக்கு இது பெரிய விஷயம்.

அந்தப் பட்டியல் மாதிரி ஒன்றை நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு துண்டு நத்தார் கேக்குக்கு முக்கால் மணி நேர நடை வருகிறது. மெரின் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கம் வரை போய்த் திரும்புகிற நடை. சாப்பிடக் கூடாது என்று சொல்ல இல்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவதற்கு.

தராசை எடுத்தால் ஒன்றை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு கொத்து ரொட்டி சாப்பிட்ட அடுத்த நாள் ஒரு கிலோவுக்கு மேல் கூடக் காட்டும். அது கொழுப்பு இல்லை. உப்பு தண்ணீரைப் பிடிக்கும். மாச்சத்தும் உடம்பில் சேமிப்பாகும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவு தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். 26 ஆம் திகதி காலை நிறை பார்த்து அழுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அன்றைக்குப் பார்க்கவே வேண்டாம். செவ்வாயும் சனியும் என்று நாள் குறித்து, காலையில் கழிப்பறைக்குப் போய்வந்து, தேத்தண்ணி குடிக்க முன், ஒரே தராசில். தராசு எவ்வளவு என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. அதற்குத்தான் கொப்பி தேவைப்படுகிறது.

யாருக்கு எது

எனக்கு இந்த வருடம் இரண்டு சேர்ந்தது: கொப்பி தினமும், தராசு செவ்வாயும் சனியும். செயலியைக் கார்த்திகையில் ஒரு கிழமைக்கு மட்டும் திறந்தேன், வீட்டில் அடிக்கடி செய்கிற பத்துச் சாப்பாட்டுக்கு எண் எடுத்துக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு மூடிவிட்டேன். விருந்துக்கு நடுவில் கணக்கெடுக்கிற வேலையை விருந்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய நிம்மதி.

மேல்வீட்டு மாமிக்கு 70 தாண்டிவிட்டது, எழுத்தும் போனும் வேண்டாம் என்றா. அவவுக்குக் கோப்பையும் ஒரு தையல் நாடாவும். இடுப்புச் சுற்றளவை மாதத்தில் இரண்டு தரம் பார்த்தால் போதும். எங்கள் தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்றிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. அவரின் கணவர் சீனிக்கு மருந்து எடுக்கிறார். மருந்து எடுக்கிறவர்கள் சாப்பாட்டை எழுதினால் நல்லது, சீனி பார்த்த எண்ணையும் பக்கத்தில் எழுதி கிளினிக்குக்குக் கொண்டு போகலாம். சாப்பாட்டைச் சட்டென்று குறைப்பது, வேளை தவறவிடுவது எல்லாம் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது, சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம்.

சோடாவைக் கணக்கெடுக்க யாருக்கும் செயலி தேவையில்லை. 2016 இலிருந்து இங்கே இலங்கையில் சோடாப் போத்தல்களில் சீனி அளவுக்கு நிற வட்டம் போட வேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. பிள்ளைகளுக்குக்கூடப் பார்க்கத் தெரியும்.

இன்னும் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். சாப்பாட்டோடு முன்பு மனப்போராட்டம் இருந்தவர்கள், பட்டினி கிடந்தவர்கள், சாப்பிட்டு வாந்தியெடுத்த பழக்கம் உள்ளவர்கள் எந்த எண்ணையும் எழுத வேண்டாம். கலோரியும் வேண்டாம், தராசும் வேண்டாம். வீட்டில் வளரும் பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கு முன்னால் கலோரி பேசாமல் இருப்பதும் முக்கியம். நான் கொப்பியை எழுதுவது மகள் படுத்த பிறகுதான்.

கொப்பி வாங்கிவிட்டேன். எண்பது பக்கம், நாளுக்கு ஒன்றாக 46 பக்கம் போதும். முதல் பக்கத்தில் மார்கழி 1, காலை 5.50, 64.1 கிலோ. அதற்குக் கீழே முதல் வரி: பிளேன்ரீ, சீனி இல்லை. இரண்டாவது வரி: மேல்வீட்டு மாமி தந்த மோதகம், ஒன்று.